ஒரு வார்த்தையா? ஒரு குடும்பமா?

 

ரேஷன், ஸ்டேஷன், ஆபரேஷன், எலெக்ஷன், கனெக்ஷன், பெட்டிஷன், டியூஷன், டெக்கரேஷன்.

என்னடா இது, பல சரக்குக் கடை லிஸ்ட் மாதிரி இருக்குன்னு பார்க்கிறீங்களா? இவை எல்லாம் பள்ளிக்கூடப் பக்கமே போகாத நம்ம ஊர்ப் பாட்டிகளுக்குத் தெரிந்த ஆங்கில வார்த்தைகள். ரேஷனுக்குப் போகிறார்கள். பெட்டிஷன் கொடுக்கிறார்கள். பேரனுக்கு டியூஷன் வைக்கச் சொல்கிறார்கள். ஒரு பாட்டியும் இதற்கு ஸ்பெல்லிங் எழுதிப் பார்த்ததில்லை. காதால் கேட்டார்கள், வாயில் ஒட்டிக்கொண்டது.

இப்போது இந்த எட்டு வார்த்தையின் வாலையும் பாருங்கள். எல்லாம் "ஷன்" என்றுதான் முடிகிறது. நோட்டில் எழுதினால் எட்டுக்கும் கடைசி நான்கு எழுத்து ஒன்றேதான். டீ, ஐ, ஓ, என். அந்த நான்கு எழுத்தை ஒரே ஒரு முறை கற்றுக்கொண்டால் எட்டு வார்த்தையின் பாதி ஸ்பெல்லிங் கைக்கு வந்துவிடும். மீதி எழுத்துக்குத்தான் பாடுபட வேண்டும்.

என் கருத்து இதுதான். ஆங்கில வார்த்தைகளைத் தனித்தனியாக மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒரே மாதிரி முடிகிற, ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகளை ஒரு குடும்பமாகச் சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் படிப்போம். ஆங்கிலத்தில் இதை ரைமிங் வேர்ட்ஸ் என்கிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகளின் விளையாட்டு என்று நாம் இதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற நமக்குத்தான் இது அதிகமாகத் தேவை என்று நான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்கள்.

நாம் இப்போது எப்படிப் படிக்கிறோம்?

தினம் பத்து வார்த்தை. அது பாடத்தில் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில் எழுதுகிறோம். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறுநாள் காலையில் டிக்டேஷன். (டிக்டேஷனும் ஷன் குடும்பம்தான்!) தப்பு விட்டால் ஒரு வார்த்தைக்கு 50 தடவை இம்போசிஷன். (இம்போசிஷனும் அதே குடும்பம்தான். நம்மைப் பிடித்த குடும்பம்!)

50 தடவை எழுதும்போது என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நாம் வார்த்தையை எழுதுவதே இல்லை. முதலில் முதல் எழுத்தை மேலிருந்து கீழ் வரை ஒரே வரிசையாக எழுதுவோம். பிறகு இரண்டாவது எழுத்து. பிறகு மூன்றாவது. கதிர் அறுக்கிற மாதிரி வேகமாக முடித்துவிடுவோம். கை வலிக்கும், நோட்டு நிறையும். மண்டையில் ஒன்றும் நிற்காது. வாய் ஒரு தடவைகூடத் திறந்திருக்காது.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரி. பத்தாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்திலும் பாஸ். ஆங்கிலத்தில் 35 எடுக்க முடியவில்லை. இப்போது மில் வேன் வந்தால் ஏறிப் போகிறார்கள். அவர்களுடைய பழைய நோட்டை நான் பார்த்தேன். முத்து முத்தான கையெழுத்து, பக்கம் பக்கமாக வார்த்தைகள். உழைப்புக்குக் குறைச்சலே இல்லை. "எழுதுறது எல்லாம் எழுதினேன் பாப்பா, பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் வாசிக்க வரல"ன்னு சொன்னாங்க. அந்த வார்த்தை என் மனதை விட்டுப் போகவில்லை. உழைப்பு இருந்தும் ஒருத்தர் தோற்கிறார் என்றால், உழைக்கிற வழியைத்தானே மாற்ற வேண்டும்?

ஒரு குடும்பத்தைப் பார்ப்போம்

ஐ, ஜி, எச், டீ. இந்த நான்கு எழுத்து வந்தால் "ஐட்" என்று படிக்க வேண்டும். ஜி-யும் எச்-சும் வாயைத் திறக்காது, சும்மா உட்கார்ந்திருக்கும். இது மட்டும் தெரிந்தால் போதும். முன்னால் எல் போட்டால் லைட். என் போட்டால் நைட். ஆர் போட்டால் ரைட். எஃப் போட்டால் ஃபைட். எம் போட்டால் மைட். எஸ் போட்டால் சைட். டீ போட்டால் டைட். இரண்டு எழுத்து சேர்த்தால் பிரைட், ஃபிளைட், ஸ்லைட். எண்ணிப் பாருங்கள், பத்து வார்த்தை ஆகிவிட்டது. தனித்தனியாகப் படித்தால் 50-க்கும் மேலே எழுத்து. குடும்பமாகப் படித்தால் நான்கு எழுத்து ஒரு முறை, அப்புறம் தலைக்கு ஒன்றோ இரண்டோ எழுத்து. அவ்வளவுதான்.

ஏ, கே, இ என்று முடிகிற குடும்பம் இன்னும் சுலபம். கேக், லேக், மேக், டேக், வேக், ஷேக், ஸ்நேக், மிஸ்டேக். சைக்கிள் பிரேக்கும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

ஏ, ஒய் என்று முடிவது அடுத்த குடும்பம். டே, மே, பே, வே, ஸ்டே, ப்ளே. ஞாயிறு முதல் சனி வரை ஏழு கிழமையும் "டே" என்று முடிவதால், ஏழு பேரும் இந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

ஷன் குடும்பத்தில் இன்னொரு லாபமும் உண்டு. செய்கிற செயலைச் சொல்லும் வார்த்தையைப் பெயராக மாற்றிக் கொடுப்பது இந்த வால்தான். ஆபரேட் என்றால் இயக்கு, ஆபரேஷன் என்றால் இயக்குதல். எஜுகேட் - எஜுகேஷன். டெக்கரேட் - டெக்கரேஷன். செலிபரேட் - செலிபரேஷன். கால்குலேட் - கால்குலேஷன். ஒன்றைப் படித்தால் ஒன்று இலவசம்! இலக்கணப் பாடத்தில் வெர்ப், நவுன் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அதில் பாதி இந்த வாலில் இருக்கிறது.

இது நமக்குப் புதுசு இல்லை

"எங்களுக்கு ஆங்கிலக் காது இல்லை" என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓசை ஒன்றாக வருவதைப் பிடிக்கிற காது தமிழ்ப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. தமிழ் ஐயா வகுப்பில் மோனை, எதுகை, இயைபு படிக்கிறோம் இல்லையா? முதல் எழுத்து ஒன்றினால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை. கடைசியில் ஒன்றினால் இயைபு. இவற்றை எல்லாம் தொல்காப்பியமே செய்யுளியலில் சொல்லி வைத்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ரைம் என்பது நம் இயைபுக்குப் பக்கத்து வீடு. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி" என்கிற பழமொழியை ஒரு தடவை கேட்டாலே யாருக்கும் மறக்காது. ஆலும் - நாலும் என்று முன்னால் ஒரு பூட்டு. பல்லுக்குறுதி - சொல்லுக்குறுதி என்று பின்னால் ஒரு பூட்டு. இரண்டு பக்கமும் பூட்டினால் எங்கே ஓடும்? பல் விளக்காதவர்கூட இந்தப் பழமொழியைச் சொல்லுவார்!

இன்னொரு செய்தி. ரொம்பப் பழைய காலத்து ஆங்கிலப் பாட்டுகளில் கடைசியில் ரைம் வருவது அபூர்வம். நம் மோனை மாதிரி வார்த்தைகளின் முதல் ஒலி ஒன்றுவதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. 1066-ல் பிரான்ஸ் பக்கத்து நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான், பிரெஞ்சுப் பாட்டுகளின் பழக்கத்தால் கடைசி ரைம் அங்கே பெருகியது. அவர்களே வெளியிலிருந்து கற்றுக்கொண்டதுதான். நாம் கற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

பெரியவர்கள் சோதித்துப் பார்த்தது

இது நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடித்த வழி இல்லை. 1970-ல் அமெரிக்காவில் வைலி, டுரெல் என்ற இரண்டு பேர் ஒரு கணக்குப் பார்த்தார்கள். சிறு பிள்ளைகள் படிக்கிற வார்த்தைகளில் அடிக்கடி வருகிற முடிவுகளை எடுத்து எண்ணினார்கள். வெறும் 37 முடிவுகளை வைத்தே ஏறக்குறைய 500 வார்த்தைகளைப் படித்துவிடலாம் என்று தெரிந்தது. மேலே நான் சொன்ன லைட் குடும்பம், கேக் குடும்பம், டே குடும்பம் மூன்றும் அந்த 37-க்குள் இருக்கின்றன. நாளைக்கு ஒரு குடும்பம் என்று வைத்துக்கொண்டால் 37 பள்ளி நாள். அதாவது எட்டு வாரம். ஒரு பருவப் பரீட்சை முடிந்து அடுத்த பரீட்சை வருவதற்குள் முடிந்துவிடும்!

1983-ல் இங்கிலாந்தில் பிராட்லி, பிரையன்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நேச்சர் என்கிற அறிவியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 400 பேருக்கு மேல் எடுத்துக்கொண்டு, மூன்று நான்கு வார்த்தைகளைச் சொல்லி, அதில் ஓசை சேராத வார்த்தை எது என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளை மேலும் சில ஆண்டுகள் கவனித்தார்கள். ஓசையைச் சரியாகப் பிடித்த பிள்ளைகள்தான் பிறகு வாசிப்பதிலும் ஸ்பெல்லிங் எழுதுவதிலும் முன்னே நின்றார்கள். காது முந்தினால் கண் பின்னாலேயே வரும் என்று இதற்கு அர்த்தம்.

டாக்டர் சூஸ் என்று ஒரு அமெரிக்க எழுத்தாளர் இருந்தார். பாடப் புத்தகம் சப்பென்று இருந்ததால் பிள்ளைகள் வாசிக்க வெறுக்கிறார்கள் என்று அப்போது பேச்சு வந்தது. அவரிடம் ஒரு வார்த்தைப் பட்டியலைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதை எழுதுங்கள் என்றார்கள். 1957-ல் "தி கேட் இன் தி ஹேட்" என்ற புத்தகம் வந்தது. முழுப் புத்தகத்துக்கும் அவர் பயன்படுத்தியது 236 வார்த்தைகள்தான். தலைப்பைப் பாருங்கள், கேட் - ஹேட்! அப்புறம் 50 வார்த்தைக்குள் ஒரு புத்தகம் எழுத முடியாது என்று பதிப்பாளர் பந்தயம் கட்டினார். 1960-ல் "கிரீன் எக்ஸ் அண்ட் ஹேம்" வந்தது. சரியாக 50 வார்த்தை! அந்த 50-ஐயும் ரைமாக மாற்றி மாற்றிப் போட்டே கதையை நடத்திவிட்டார். நமக்கு 50 தடவை ஒரே வார்த்தை. அவருக்கு 50 வார்த்தையில் ஒரு புத்தகம். எது நல்லது, நீங்களே சொல்லுங்கள்.

குடும்பத்துக்குள் சில குறும்புக்காரர்கள்

இப்போது ஒரு தோழி எழுந்து நின்று கேட்பாள் என்று தெரியும். "அப்படின்னா ஓ-யூ-ஜி-எச் குடும்பம் என்ன ஆச்சு?" நல்ல கேள்வி. அதை மறைத்துவிட்டு நான் கட்டுரை எழுதினால் நியாயம் இல்லை.

ஓ, யூ, ஜி, எச். நம் ரஃப் நோட்டில் வருகிற ரஃப் இப்படித்தான் முடியும். டஃப், இனஃப் இரண்டும் அதே மாதிரி. சரி, இது "அஃப்" குடும்பம் என்று நம்பி அடுத்த வார்த்தைக்குப் போனால் இருமல் வந்துவிடும். அது காஃப்! அடுத்து "என்றாலும்" என்ற அர்த்தத்தில் வருவது தோ. "வழியாக" என்ற அர்த்தத்தில் வருவது த்ரூ. வயலில் உழுகிற ஏருக்குப் ப்ளவ். ஒரே நான்கு எழுத்து, ஐந்து விதமான ஓசை! கண்ணுக்கு அண்ணன் தம்பி, காதுக்கு யாரோ எவரோ. ஆங்கிலக்காரர்களே இதைக் கண் ரைம் என்று சொல்கிறார்கள்.

இப்படி இன்னும் உண்டு. ஹோம், கம். போன், டன். மூவ், லவ். ஸ்பெல்லிங்கைப் பார்த்தால் ஜோடி. சொல்லிப் பார்த்தால் சண்டை. கிரிக்கெட் கேப்டனும் அப்படித்தான். ரெயின், டிரெயின், செயின், பெயின் எல்லாம் ஏ-ஐ-என் என்று முடிகிறது. கேப்டனும் ஏ-ஐ-என்தான். ஆனால் யாராவது "கேப்டெயின்" என்று கூப்பிடுகிறோமா?

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. ப்ளூ, ஷூ, டூ, ஹூ, த்ரூ. காதுக்கு ஒரே ஓசை, முடிகிற ஸ்பெல்லிங் மட்டும் ஒன்றாக இல்லை. நம் பென்ஷன், டென்ஷன் இரண்டும் ஷன் என்றுதான் முடிகிறது. ஆனால் டீ போட்டு எழுதினால் தப்பு. எஸ் போட வேண்டும். பி.டி. சார் மைதானத்தில் "அட்டென்ஷன்" என்று சத்தம் போடுகிறாரே, அதற்கு மட்டும் டீ. பர்மிட் - பர்மிஷன், அட்மிட் - அட்மிஷன் என்று வந்தால் இரண்டு எஸ். இதெல்லாம் பெரிய மாமன் வீட்டுச் சொந்தம், சின்ன மாமன் வீட்டுச் சொந்தம் மாதிரி. கொஞ்சம் பழகினால் தெரிந்துவிடும்.

ஏன் இப்படிக் குழப்பி வைத்தார்கள்? அவர்கள் வேண்டுமென்று குழப்பவில்லை. சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு நைட் என்ற வார்த்தையில் இருந்த ஜி-எச் ஊமையாக இல்லை. தொண்டையிலிருந்து ஒரு ஓசை வந்தது. நம் ஆய்த எழுத்தைச் சொல்வதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வீரனைக் குறிக்கும் இன்னொரு நைட் உண்டு, அதற்கு முன்னால் கே வரும். அந்த கே-யையும் அன்று வாய்விட்டுச் சொன்னார்கள். 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டு வந்தார். அச்சில் ஏறிய ஸ்பெல்லிங் மெல்ல மெல்லக் கெட்டியாக நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் ஓசைகள் எல்லாமே இடம் மாறிப் போயின. எழுத்து பழைய வீட்டிலேயே இருக்கிறது. ஓசை புது வீட்டுக்குக் குடி போய்விட்டது. அதுதான் சங்கதி.

தமிழிலும் ஒரு க-வுக்குப் பல ஓசை உண்டு. பக்கம், பங்கு, பகல் சொல்லிப் பாருங்கள். ஆனால் க எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே ஓசை தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் பல இடங்களில் அந்த வசதி இல்லை. இதனால் நாம் மட்டும் கஷ்டப்படவில்லை. டிரெனிட்டே என்ற நெதர்லாந்துக்காரர் 1920-ல் இந்த மாதிரி ஏமாற்று வார்த்தைகளையே கோத்து ஒரு நீளப் பாட்டு எழுதினார். அதன் பெயரே "குழப்பம்"! பெர்னார்ட் ஷா என்ற பெரிய நாடக ஆசிரியர் 1950-ல் இறந்தார். ஆங்கிலத்துக்குப் புது எழுத்து உருவாக்க வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கி வைத்திருந்தார். அந்தப் புது எழுத்தில் அவருடைய நாடகம் ஒன்றை 1962-ல் அச்சும் போட்டார்கள். ஊர் அதை ஏற்கவில்லை. ஆகவே ஸ்பெல்லிங் மாறும் என்று நாம் காத்திருக்க முடியாது. நாம்தான் படிக்கிற வழியை மாற்ற வேண்டும்.

சிரிக்காதீங்க!

இந்த வரலாற்றை நான் சும்மா சொல்லவில்லை. வகுப்பில் ஒருவன் எழுந்து நின்று நைட் என்பதை எழுத்துக் கூட்டி "நிக்ட்" என்று வாசித்தால், வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. அவன் அதோடு உட்கார்ந்துவிடுகிறான். அடுத்த முறை அவன் முறை வரும்போது தலைவலி வந்துவிடும், வயிற்று வலி வந்துவிடும். அப்புறம் ஆங்கில வகுப்பு உள்ள நாளில் ஆளே வரமாட்டான்.

உண்மையில் அவன் என்ன செய்தான்? ஒரு எழுத்தையும் விடாமல் நேர்மையாக வாசித்தான். நம் தமிழ் அவனுக்கு அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறது? அன்றைய ஆங்கிலக்காரர்களும் ஏறக்குறைய அப்படித்தானே சொன்னார்கள்? அவன் மக்கு இல்லை. 600 வருஷம் லேட்டாக வந்திருக்கிறான், அவ்வளவுதான்! லேட்டாக வந்தவனை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டுமே தவிர, வாசலில் நிறுத்திச் சிரிக்கக் கூடாது. "லைட் தெரியுமில்ல? அதே மாதிரிதான் இதுவும்" என்று பக்கத்தில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு குடும்பமே அவனுக்குக் கிடைத்துவிடும்.

மறுத்துச் சொல்பவர்களுக்கு

"சத்தம் தெரிந்தால் போதுமா? அர்த்தம் வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். ரைம் அர்த்தம் சொல்லித் தராது. அது ஸ்பெல்லிங்கையும் உச்சரிப்பையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கி மட்டும்தான். அதனால் ஒரு குடும்பத்தைப் படித்தால், அதில் மூன்று வார்த்தைக்காவது சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும். வார்த்தையைப் பிடிக்கவே முடியாதவன் அர்த்தத்தை எங்கே போய்ப் பிடிப்பான்?

"குறும்புக்காரர்கள் இத்தனை பேர் இருக்கும்போது குடும்பம் எதற்கு?" என்று கேட்கலாம். பத்து வார்த்தைக்கு ஒரு விதியும், இரண்டு விலக்கும் படிப்பது சுலபமா? பன்னிரண்டையும் தனித்தனியாகப் படிப்பது சுலபமா? நீங்களே கணக்குப் போடுங்கள். எய்ட், வெயிட் இரண்டும் லைட் குடும்பத்தின் எழுத்தை வைத்துக்கொண்டு வேறு ஓசை போடும். ஹைட் மட்டும் திரும்பி வந்து லைட்டோடு சேர்ந்துகொள்ளும். மூன்றிலும் ஐ-க்கு முன்னால் ஒரு இ நிற்கும், அதுதான் அடையாளம். குடும்பம் தெரிந்தவருக்குத்தான் விலகி நிற்பவர் யார் என்றே தெரியும்.

"எழுத்துக்கு மேலே தமிழில் எழுதிவைத்துக்கொண்டால் போதுமே?" என்பவர்கள் நிறைய. நம் வகுப்பில் பாதிப் புத்தகம் அப்படித்தான் இருக்கிறது. ஆத்திர அவசரத்துக்குச் சரி. ஆனால் பரீட்சைத் தாளில் மேலே தமிழ் இருக்காது. தவிர, தமிழ் எழுத்தில் பேட் என்று எழுதினால், அது கிரிக்கெட் மட்டையா, மோசமானதா, தட்டிக்கொடுப்பதா, பரீட்சை அட்டையா? நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். குடும்பத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்களை அவர் அழைத்து வருவார். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதியுள்ள ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கும் ஸ்பெல்லிங்கை உங்கள் ரஃப் நோட்டில் எழுதிப் பாருங்கள். அதுவே முதல் பயிற்சி.

"பரீட்சைக்கு உதவுமா?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. பொயம் பகுதியில் ரைமிங் வேர்ட்ஸ் எடுத்து எழுதச் சொல்கிறார்கள். ரைம் ஸ்கீம் கேட்கிறார்கள். நாம் கைடைப் பார்த்து ஏ-ஏ-பி-பி என்று உருப்போட்டுக்கொண்டு போகிறோம். படிக்காத பாட்டைக் கொடுத்தால் முழிக்கிறோம். காது பழகியிருந்தால் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் எழுதலாம், கைடுக்குக் கொடுக்கும் பணமும் மிச்சம்.

என் வேண்டுகோள்

ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது. இம்போசிஷன் வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுப்பீர்கள்! ஒரு வார்த்தையை 50 தடவை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, அதன் குடும்பத்தில் 10 வார்த்தையை 5 தடவை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லுங்கள். அதுவும் 50தான். அதே தாள், அதே மை. கிடைப்பது மட்டும் பத்து மடங்கு.

இரண்டாவது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இன்று ஒரு ஆங்கில வார்த்தை சொல்கிறோம். அதை இன்று ஒரு குடும்பம் என்று மாற்றலாம். ஒருவர் தலைவரைச் சொல்லட்டும், எல்லாரும் சேர்ந்து உறுப்பினர்களைச் சொல்வோம். கடைசியில் குடும்பத்தில் சேராத குறும்புக்காரர் ஒருவரையும் சொல்லி முடிக்கலாம்.

மூன்றாவது. வகுப்புக்கு வகுப்பு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு மரம் வரைந்து தொங்கவிட அனுமதி கொடுங்கள். அடிமரத்தில் முடிவு எழுத்து, கிளைகளில் வார்த்தை. புது வார்த்தை கண்டுபிடிப்பவர் ஒரு இலை ஒட்டலாம். 37 மரம் ஆனால் நம் பள்ளிக்குள்ளேயே ஒரு தோப்பு!

தோழர்களே, தோழிகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. இன்று மாலை வீட்டுக்குப் போகும்போது கடைப் பலகை, பஸ் பலகை, தீப்பெட்டி, சோப்பு உறை என்று கண்ணில் படுகிற ஆங்கில வார்த்தைகளைப் பாருங்கள். ஒன்றை எடுத்து அதன் வாலைப் பிடியுங்கள். அந்த வாலில் இன்னும் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் கிடைத்தால் நாளை காலையில் எங்கள் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள், முதல் மரத்தின் முதல் கிளை உங்களுக்கு.

அடுத்த வருடம் நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் செட்டில் ஒருவர்கூட ஆங்கிலத்தால் மில் வேனில் ஏறக் கூடாது. இதுதான் என் ஆசை.

சேர்ந்து சொல்வோம்! சேர்த்துப் படிப்போம்!



- ஒன்பதாம் வகுப்பு மாணவி